கோழிக்குக் கொழுப்பு ஏறினால்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சமாச்சாரம். வீட்டில் ஆசையாக வளர்க்கும் பெரிய ரகக் கோழிகள், அதாவது ஆர்பிங்டன், பிராமா, கொச்சின், ஜெர்சி ஜயன்ட் மாதிரியானவை, கொழுத்துவிட்டனவா, கொழுத்திருந்தால் என்ன செய்வது என்பதுதான். ஒரே மாதிரி கேட்டவற்றை ஒன்றாக்கிவிட்டேன். திட்டி எழுதியிருந்த இரண்டு பேருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

கேள்வி: என் ஆர்பிங்டன் பெட்டை பந்து மாதிரி இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன இப்படிக் கொழுத்திருக்கு" என்கிறார்கள். ஆனால் மார்பைத் தொட்டால் எலும்பு தட்டுப்படுகிறது. அப்படியானால் ஒல்லிதானே?

ஒல்லி என்று சொல்லிவிட முடியாது. ஆள் பாதி ஆடை பாதி என்பது மனிதர்களைவிட ஆர்பிங்டனுக்கும் கொச்சினுக்கும்தான் கச்சிதமாகப் பொருந்தும், அந்தப் புசுபுசு இறகுக்குள் எலும்பும் தோலுமாக ஒரு பெட்டை இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது, ஒரு கிலோ கொழுப்பு கூடுதலாக இருந்தாலும் தெரியாது. மார்பைத் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அங்கே கைக்குப் படுவது சதை. கோழி கொழுப்பைச் சேர்த்துவைக்கிற இடம் வேறு: அடிவயிறு, அரைவைப்பையைச் சுற்றி, குடலின் மடிப்புகள், அப்புறம் கல்லீரலுக்குள்ளேயே. புரதம் குறைவாகவும் தானியம் அதிகமாகவும் தின்கிற பெட்டைக்கு மார்பு வற்றி, வயிறு மட்டும் கொழுத்துப்போகும். உங்களுடையது அந்த ரகமாக இருக்கலாம் என்பதுதான் என் சந்தேகம்.

இப்படிப் பாருங்கள். இரவில் கோழி கட்டையில் ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரம் போகட்டும், கையில் சின்ன டார்ச் போதும். இறக்கையோடு சேர்த்துத் தூக்கி, தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி அக்குளில் இடுக்கிக்கொள்ளுங்கள், அரைத்தூக்கத்தில் முனகுமே தவிர உதறாது. மார்பெலும்பு எங்கே முடிகிறது என்று தடவிக்கொண்டே வாருங்கள். அதற்குப் பின்னால், ஆசனவாயின் இரண்டு பக்கமும் மெல்லிய எலும்பு முனை ஒவ்வொன்று தட்டுப்படும். அந்த முனைகளுக்கும் மார்பெலும்புக்கும் நடுவில் இருக்கிற தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடியுங்கள். முட்டையிடுகிற, சரியான உடம்புள்ள பெட்டைக்கு அந்தத் தோல் உங்கள் காதுமடல் மாதிரி மெல்லிசாக, தளர்வாக மடியும். கொழுத்ததற்கு மடியவே மடியாது, பிசைந்த மாவைக் கிள்ளின மாதிரி தடிமனாக வரும், எலும்பு முனைகளும் கூர் இல்லாமல் பஞ்சு சுற்றினது போல உருண்டையாக இருக்கும். அப்படியே வாயால் ஊதி இறகை விலக்கி டார்ச் அடித்தால் தோலுக்கு அடியில் மஞ்சளாகக் கட்டி கட்டியாகத் தெரியும். இந்த மஞ்சள், மக்காச்சோளத்தில் இருக்கிற நிறமிகள் கொழுப்பில் தங்குவதால் வருவது. வெளுப்பான தானியம் தின்றதற்கு வெளுப்பாகத்தான் இருக்கும், அதனால் நிறத்தைவிட விரலை நம்புங்கள்.

எடையும் போட்டுவிடுங்கள். குளியலறை எடை மெஷினில் கோழியோடு ஏறி நின்று கழித்துப் பார்ப்பது வேண்டாம், 100 கிராம் வித்தியாசம் அதில் சிக்காது. துணிப்பைக்குள் உட்காரவைத்துத் தொங்கும் தராசில் மாட்டுங்கள், காலையில் தீனிப்பை, அதாவது தின்றது முதலில் போய்த் தங்குகிற பை, காலியாக இருக்கும்போது. ஆர்பிங்டன் பெட்டைக்கு 3.6 கிலோ, ஜெர்சி ஜயன்ட் பெட்டைக்கு 4.5 கிலோ என்று ரகக் குறிப்புகளில் போட்டிருக்கும். அது ஒரு திசைகாட்டிதான், வம்சத்துக்கு வம்சம் மாறும். பெரிய ரகங்கள் ஒன்றேகால், ஒன்றரை வயது வரை உடம்பு நிறைந்துகொண்டே போகும், அதுவரை எடை ஏறினால் பயப்பட வேண்டாம். அதற்கப்புறம் மாதம் ஒருமுறை எழுதிவைத்துக்கொண்டு வாருங்கள், அந்த நோட்டுதான் உங்கள் கோழிக்கான சரியான அளவுகோல்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் கொடுக்க வேண்டும்? தீவனம் தவிர, காலையும் மாலையும் ஆளுக்கொரு கைப்பிடி உடைத்த மக்காச்சோளம் போடுகிறேன். இப்போது முட்டை ஓடும் மெலிசாக வருகிறது.

உங்கள் இரண்டாவது வரிதான் முதல் கேள்விக்கும் மூன்றாவது வரிக்கும் பதில்.

பெரிய ரகப் பெட்டை, முட்டையிடும் காலத்தில், சாதாரண வெயிலில், நாளுக்கு 130 முதல் 150 கிராம் லேயர் தீவனம், அதாவது முட்டைக்கோழிக்கான தீவனம், சாப்பிடும். குளிர் கடுமையானால் கூடும், வெக்கையில் குறையும். கணக்குக்கு 130 கிராம் என்று வையுங்கள். அதில் ஆற்றல் சுமார் 350 கிலோ கலோரி. உடைத்த மக்காச்சோளம் ஒரு கைப்பிடி ஏறக்குறைய 40 கிராம் வரும், அதில் சுமார் 135. கேட்டால் ஒரு கைப்பிடிதானே என்பீர்கள், ஒரு முழு முட்டையில் இருக்கிற ஆற்றலைப் போல அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! நீங்கள் ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிறீர்கள்.

இனி ஓட்டுக்கு வருவோம். 130 கிராம் தீவனம் தின்றால் உத்தேசமாக 20 கிராம் புரதமும் 5 கிராம் கால்சியமும் உள்ளே போகும். ஒரு முட்டையின் ஓட்டுக்கு 2 கிராம் கால்சியம் தேவை, தின்பதில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் ஒட்டும் என்பதால் அந்த 5 என்பது தாராளம் இல்லை, சரியாக இருக்கிற அளவு. மக்காச்சோளத்தை நிரப்பிக்கொண்ட பெட்டை தீவனத்தை 70 கிராமோடு நிறுத்திக்கொண்டால் கால்சியம் பாதியாகிவிடும், புரதமும் 20 கிராமுக்குக் கீழே இறங்கிவிடும், ஆற்றல் மட்டும் குறையாது. ஓடு மெலிகிறது, ஓடே இல்லாத தோல்முட்டை விழுகிறது, வயிறு கொழுக்கிறது, மூன்றும் ஒரே கைப்பிடியால். இதைப் பார்த்துவிட்டுப் பலர் கால்சிய மருந்து வாங்கப் போகிறார்கள், அது தப்பில்லை, ஆனால் மக்காச்சோளத்தை நிறுத்தாமல் எதுவும் நடக்காது.

தீவனத்தில் கை வைக்காதீர்கள். முதலில் நொறுக்குத்தீனியைக் குறையுங்கள். ஒரு கோழிக்கு ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான் ஒரு நாளைய கணக்கு, அதையும் தட்டில் கொட்டாமல் சருகுக்குள் தூவிவிடுங்கள், கிளறித் தேடித் தின்னட்டும். சூரியகாந்தி விதை, காய்ந்த புழு இரண்டும் ஆரோக்கியமானவை என்று எல்லோரும் கைநிறையப் போடுகிறார்கள், விதையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவும் காய்ந்த புழுவில் கால்வாசிக்கு மேலும் கொழுப்புதான். இறகு உதிர்க்கும்போது புழு கொடுங்கள், மற்ற நாளில் பத்துப் பதினைந்து எண்ணிப் போட்டால் போதும். கீரை, புல், வெள்ளரி மாதிரி தண்ணீர்ச் சத்து நிறைந்தவற்றுக்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் எட்டிக் கொத்துகிற வேலையும் கிடைக்கும். நீளப் புல்லை வெட்டிப் போடாமல் விட்டால் தீனிப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும், அதை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: நீங்கள் குறையுங்கள் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். எங்கள் பிராமா எந்த நேரம் போனாலும் பட்டினி கிடந்த மாதிரி ஓடிவருகிறது. பசிக்கிற வாயில்லா ஜீவனை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

ஓடிவருவது பசியால் மட்டும் என்று யார் சொன்னது? வாளிச் சத்தம் கேட்டால் ஓடினால் ருசியானது கிடைக்கும் என்று நீங்கள்தான் பழக்கியிருக்கிறீர்கள். தீனிப்பையைத் தடவிப் பாருங்கள், கழுத்துக்குக் கீழே வலப்பக்கம் விண்ணென்று நிறைந்திருக்கும், அப்போதும் ஓடிவரும்.

இன்னொன்றும் உண்டு. எடை குறைந்த முட்டை ரகங்கள் உடம்புக்கு வேண்டிய ஆற்றல் கிடைத்ததும் தின்பதைப் பெரும்பாலும் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். உடம்புக்காகவே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட ரகங்களில் அந்தக் கடிவாளம் தளர்வு. ஜெர்சி ஜயன்டை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் உருவாக்கியவர்கள் நினைத்தது வான்கோழிக்கு மாற்றாக ஒரு பெரிய கறிக்கோழி. தின்றதை உடம்பில் ஏற்றுவதுதான் அதன் வேலை, வேலையைச் சரியாகச் செய்கிறது, அதைப்போய்ப் பேராசை என்று திட்டினால் எப்படி.

சரி, செய்ய வேண்டியது: உருண்டைத் தீவனம் போடுகிறீர்கள் என்றால் அதே தீவனத்தைத் தூளாகப் போடுங்கள், அதே அளவைத் தின்று முடிக்க நேரம் பிடிக்கும், நாளும் ஓடும். தண்ணீர் ஊற்றிக் குழைத்துக் கொடுப்பதை விடுங்கள், குழைத்தால் கூடுதலாக உள்ளே போகும். தீவனம் ஒரு மூலையிலும் தண்ணீர் எதிர் மூலையிலும் இருக்கட்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் ஒரு நாளில் அந்தக் கோழி எத்தனை நடை நடக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் கொழுப்பு கரையுமா?

கூடாது. கொழுத்த பெட்டையைத் திடீரென்று பட்டினி போட்டால் சேர்த்துவைத்த கொழுப்பெல்லாம் ஒரே நேரத்தில் கல்லீரலை நோக்கி வரும், ஏற்கெனவே நிரம்பியிருக்கிற கல்லீரல் அது. முட்டையும் நின்றுபோகும், இறகையும் கொட்டிவிடும். 4 கிலோவுக்கு மேல் போன பெட்டைக்கு மாதம் 100, 150 கிராம் இறங்கினால் போதும் என்பது நான் கடைப்பிடிக்கிற கணக்கு. இரண்டு மூன்று மாதம் ஆகட்டுமே, என்ன அவசரம்.

கேள்வி: எங்கள் நல்ல பெட்டை, நேற்று வரை முட்டையிட்டது, காலையில் முட்டைப் பெட்டியிலேயே செத்துக் கிடந்தது. கொண்டை வெளுத்துப்போயிருந்தது. காயம் இல்லை. அறுத்துப் பார்த்தபோது வயிறு முழுக்க மஞ்சள் கொழுப்பும் உறைந்த ரத்தமும். விஷமா? யாராவது செய்திருப்பார்களா?

யாரையும் சந்தேகப்படாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது கொழுப்புக் கல்லீரல் நோயின் அச்சு அசல் வர்ணனை, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கே கொஞ்சம் வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் என் கறுப்புப் பெட்டை ஒன்றும் இப்படித்தான் போனது, அதற்குக் கையில் வைத்து ஊட்டியவன் நான்.

பறவைகளில் கொழுப்பு பெரும்பாலும் கல்லீரலில்தான் உருவாகிறது. முட்டையிடுகிற பெட்டைக்கு அந்தக் கல்லீரல்தான் மஞ்சள்கருவுக்கான கொழுப்பையும் தயாரித்து அனுப்ப வேண்டும், ஒரு முட்டைக்கு ஏறக்குறைய 5 கிராம். அதனால் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் ஓங்கியிருக்கும் காலத்தில் அது எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது. இதில் ஆற்றல் மிகுந்த தீனி, நடமாட்டம் இல்லாத அடைப்பு, வெக்கை மூன்றும் சேர்ந்தால் உருவாகிற கொழுப்பு வெளியேறுகிற கொழுப்பைவிட அதிகமாகி, உள்ளேயே தங்கிவிடும். நல்ல கல்லீரல் கருஞ்சிவப்பாக, கையில் எடுத்தால் வழுவழுப்பாக விறைப்போடு இருக்கும். இது மஞ்சளாகி, வீங்கி, விரல் பட்டாலே பொடிப்பொடியாக உதிரும். அப்படிப்பட்ட கல்லீரலோடு முட்டைக்கு முக்கினாலோ நாய்க்குப் பயந்து படபடவென்று பறந்தாலோ, உறை கிழிந்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டி, சில நிமிடத்தில் முடிந்துவிடும். முன்கூட்டி நோய் என்று ஒன்றும் தெரியாது, போன நாள் வரை முட்டையிட்டது என்று நீங்கள் சொல்வதும் பொருந்துகிறது.

மிச்சம் இருக்கிற கோழிகள் அதே கையால், அதே தீனியால் வளர்ந்தவை. அவற்றைத் துரத்திப் பிடிக்காதீர்கள், இரவில் கட்டையில் வைத்துத்தான் வயிற்றைப் பார்க்க வேண்டும். தானியத்தை இன்றோடு நிறுத்திவிட்டு லேயர் தீவனம் மட்டும் வையுங்கள். கோலின், மெத்தியோனின், வைட்டமின் ஈ ஆகிய சத்துகள் சேர்ந்த கலவைகளைக் கால்நடை மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பது உண்டு, மருத்துவரிடம் காட்டி அளவு கேட்டுக் கொடுங்கள், நீங்களாகத் தண்ணீரில் கலக்க வேண்டாம். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் மருந்துக்குச் சமம்.

கேள்வி: வயிறு பெரிதாகத் தொங்குகிறது, ஆனால் தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி இருக்கிறது. நடை ஒரு மாதிரி நிமிர்ந்து இருக்கிறது.

இது கொழுப்பு இல்லை. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம், முட்டை வழி தவறி உள்ளே விழுந்து சீழ் பிடித்திருக்கலாம், கட்டியும் இருக்கலாம். உணவுக் கட்டுப்பாட்டையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இன்றே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: நான்கு பெட்டையில் ஒன்று மட்டும் குண்டு, ஒன்று ஒல்லி. சேவல் இன்னும் ஒல்லி. எல்லாவற்றுக்கும் ஒரே தட்டு. யாருக்கு ஏற்ற மாதிரி போடுவது?

தட்டு ஒன்றாக இருப்பதுதான் தகராறு. எது குண்டு என்று பாருங்கள், அநேகமாகக் கூட்டத்துக்குத் தலைவி அதுதான், அல்லது முட்டையை நிறுத்திவிட்ட வயசாளி. முட்டை நின்ற பெட்டைக்கு அந்த அன்றாடச் செலவு நின்றுபோகிறது, வரவு மட்டும் அதே. ஒல்லி, கொத்து வாங்கி ஒதுங்குகிற கடைசிப் பெட்டையாக இருக்கும். ஆளுக்கு 15 சென்டிமீட்டர் இடமாவது கிடைக்கும்படி, ஒன்றிலிருந்து ஒன்று கண்ணில் படாத தூரத்தில் இரண்டு மூன்று தட்டு வையுங்கள், தலைவியால் எல்லா இடத்திலும் காவல் நிற்க முடியாது. அளவை மொத்தமாகக் குறைத்தால் முதலில் பட்டினி கிடப்பது அந்த ஒல்லிதான், குண்டு இல்லை, இதைப் பலர் யோசிப்பதில்லை.

சேவல் சமாச்சாரம் வேறு. நல்ல சேவல் ருசியானது எதைக் கண்டாலும் கொக்கரித்துப் பெட்டைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கும். நாள் முழுக்க விருந்து வைத்துவிட்டுத் தான் காயும். அதைத் தனியாக அடைத்து மாலையில் ஒருவேளை தீவனம் வையுங்கள், லேயர் தீவனத்தில் இருக்கிற அவ்வளவு கால்சியம் அதற்குத் தேவையில்லை, கால்சியம் குறைந்த பராமரிப்புத் தீவனம் போதும். மொத்தக் கூட்டத்துக்கும் அதையே வைத்துவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தாலும் சரி, முட்டையிடுகிறது போய்க் கொத்திக்கொள்ளும்.

கேள்வி: பிராமா சேவல், ஐந்தரைக் கிலோ. பாதத்துக்கு அடியில் கறுப்புப் பொருக்கோடு கட்டி. எடையால் வந்ததா?

எடையும் காரணம், இறங்குகிற உயரமும் காரணம். அவ்வளவு கனமான உடம்பு ஆள் உயரக் கட்டையிலிருந்து தினமும் காலையில் தொப்பென்று கல்தரையில் குதித்தால் பாதம் என்ன செய்யும்? கட்டையை 30, 40 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள், அகலமாக, விளிம்பு மழுங்கலாக இருக்கட்டும், கீழே தடிமனாகச் சருகு போடுங்கள். கட்டியை நீங்களே கீறாதீர்கள்.

கேள்வி: கறிக்கோழிக் குஞ்சு இரண்டை வெட்ட மனசில்லாமல் வைத்துக்கொண்டோம். எட்டு வாரத்திலேயே நடக்கத் திணறுகின்றன.

இவற்றை மற்ற பெரிய ரகங்களோடு சேர்த்து நினைக்காதீர்கள். ஆர்பிங்டன் பெட்டை முட்டைக்கு வரவே ஆறேழு மாதம் பிடிக்கும், கறிக்கோழி ஆறு வாரத்திலேயே இரண்டரைக் கிலோவைத் தாண்டும், கால் எலும்பும் இதயமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. எந்நேரமும் தீவனம் இருந்தால் எந்நேரமும் தின்னும். இவற்றின் தாய்க்கோழிகளைப் பண்ணைகளிலேயே அளந்துதான் வளர்க்கிறார்கள், அளக்காமல் விட்டால் கருவகத்தில் ஒரே நேரத்தில் பல மஞ்சள்கரு முதிர்ந்து, இரட்டைக் கருவும் வயிற்றுக்குள் விழுகிற முட்டையுமாக ஆகிவிடும். நீங்களும் தட்டை இரவில் எடுத்துவிடுங்கள், பகலில் இரண்டு வேளை அளந்து வையுங்கள், வாரம் ஒருமுறை எடை போடுங்கள். நடந்தால்தான் தண்ணீர் என்கிற மாதிரி கிண்ணத்தைத் தள்ளி வையுங்கள், ஆனால் எட்டு வாரத்தில் திணறுகிறது என்றால் முதல் வாரத்திலேயே பத்தடி தள்ளாமல் இரண்டடியில் தொடங்குங்கள்.

கேள்வி: இறகு உதிர்க்கிறது, முட்டையும் இல்லை. கொழுப்பைக் குறைக்க இதுதானே நல்ல நேரம்?

இல்லை. இறகு 85 சதவீதத்துக்கு மேல் புரதம், அதை முளைக்கவைக்கிற வேலையில் இருக்கிறது. தானியத்தை நிறுத்துங்கள், நல்ல தீவனத்தை நிறுத்தாதீர்கள். அடைக்கோழிக்கும் அப்படியே, அது ஒரு நாளைக்கு ஒருமுறைதான் எழுந்து வந்து தின்கிறது, தானாகவே இளைத்துவிடும்.

கேள்வி: மக்காச்சோளத்தை நிறுத்தினதிலிருந்து எங்கள் கொச்சின் கோபித்துக்கொண்டது. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சாயந்திரம் கூட்டுக்குள் அடைக்கப் பெரும் பாடாக இருக்கிறது.

அதற்குக் கொழுப்பு, இரண்டு அர்த்தத்திலும். முழு மக்காச்சோள மணி ஆறை எண்ணி ஒரு டப்பாவில் போட்டுக் கிலுக்குங்கள். ஆறுக்கும் அறுபதுக்கும் சத்தம் ஒன்றுதான். உள்ளே வந்ததும் அந்த ஆறையும் சருகில் போட்டுவிடுங்கள், ஏமாற்றினால் மறுநாள் வராது.